வெறும் ஏனம்

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், "என்ட பேர எடுத்தியே தம்பி, அதுக்கு என்ன குடுத்தாய்?" என்று கேட்பார். கேட்கக்கூடிய ஆள்தான். நாங்கள் எல்லோரும் அவரைக் குசினி அக்கா என்போம். வந்துபோன வெள்ளைக்காரர்களோ அக்கா என்பதையே அவருடைய பெயராக நினைத்திருந்தார்கள். ஒருவர் நத்தார் வாழ்த்து மட்டையில் 'மிஸ் அக்கா' என்று எழுதி அனுப்பியதை அவர் குசினிச் சுவரில் சோற்றுப் பசையால் ஒட்டி வைத்திருந்தார்.

மட்டக்களப்பு நகரத்தில் வாவியைப் பார்த்தபடி இருந்த ஒரு பழைய வீட்டைச் சமாதான காலத்தில் ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் வாடகைக்கு எடுத்து விருந்தினர் விடுதி ஆக்கியது. கிணறு தோண்ட வருபவர்கள், பள்ளிக்கூடம் கட்ட வருபவர்கள், இவர்கள் ஒழுங்காகத் தோண்டுகிறார்களா கட்டுகிறார்களா என்று பார்க்க வருபவர்கள் எல்லோரும் அங்கேதான் தங்கினார்கள். நான் மொழிபெயர்ப்பாளர். குருக்கள்மடத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். அக்கா சமையல். அவருக்கு வீடு நாவலடியில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாகக் கிடக்கும் அந்த மணல் துண்டில். பிள்ளைகள் இல்லை. கணவர் வாவியில் தோணி வைத்து மீன் பிடித்தார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே அக்காவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவர் என் மனைவிக்கென்று ஒரு பெட்டியில் திரளி மீன் குழம்பு தந்துவிட்டிருந்தார். மறுநாள் பெட்டியைப் பளபளவென்று கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூடியைத் திறந்து பார்த்தார்.

"ஆரு தம்பி கழுவின?"

"என்ட மனுசிதான் அக்கா."

"நல்லாத்தான் கழுவியிரிக்கா. உள்ளுக்க ஒண்டும் வைக்கத் தெரியல்லயா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பதில்லை என்ற வழக்கம் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் எல்லோரும் அதை வசதிப்பட்டால் செய்வோம், இல்லாவிட்டால் ஒரு சிரிப்போடு விட்டுவிடுவோம். அக்காவிடம் அந்தச் சிரிப்பெல்லாம் செல்லாது. "ஒண்டும் இல்லாட்டி ரெண்டு பச்ச மிளகாயப் போடு. அதுவும் இல்லாட்டி ஒரு பிடி சீனி. வெறும் ஏனம் மட்டும் திருப்பி அனுப்பக்கூடா" என்றார். அடுத்த நாள் என் மனைவி மானத்தைக் காப்பாற்ற ஒரு மண் முட்டியில் கட்டித் தயிர் அனுப்பினாள். முட்டி பயற்றம் பணியாரத்தோடு திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அந்தப் போக்குவரத்து நிற்கவேயில்லை. என் மனைவியும் அவரும் நேரில் பார்த்துக்கொண்டது இரண்டே தரம், ஆனால் பெட்டியும் முட்டியும் வருடக்கணக்காகப் பஸ்ஸில் போய்வந்தன.

பாட்டு விசயம் ஆரம்பித்ததும் இப்படித்தான். நோர்வேயிலிருந்து வந்திருந்த ஒரு தாதி ஊருக்குத் திரும்பும்போது, தன்னுடைய சீடியும் கசெற்றும் போடக்கூடிய பெட்டியையும், தங்கள் மலைநாட்டுப் பிடில் வாசிப்பு அடங்கிய ஒரு இசைத்தட்டையும் அக்காவுக்குக் கொடுத்துவிட்டார். வாகனம் வர இரண்டு நாள் இருந்தது. அந்த இரண்டு நாளும் அக்காவுக்கு நிம்மதி இல்லை. திருப்பி என்ன கொடுப்பது?

"தயிர் குடுப்பமெண்டா பிளேனில ஏத்தமாட்டாங்களாம். பணியாரம் குடுத்தா அது திண்டு முடிஞ்சிரும், இது முடியாத சாமான். பாட்டுக்குப் பாட்டுத்தான் குடுக்கோணும் தம்பி."

அன்று பின்னேரமே அந்தப் பெட்டியை நாவலடிக்குத் தூக்கிக்கொண்டு போய், அயல் பெண்களைக் கூட்டிக் கும்மி பாடவைத்து ஒரு கசெற்றில் பதிவு செய்தார். தாதி அதை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அக்கா அன்றைக்குத்தான் நிம்மதியாக மூச்சு விட்டார் என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு வந்தவர்கள் யாரும் தப்பவில்லை. முதல் நாள் காலைத் தேத்தண்ணீரோடு அந்தக் கேள்வியும் வரும். "உங்கட ஊர்ப் பாட்டு இரிக்கா?" நான் மொழிபெயர்க்க வேண்டும். பலர் முழிப்பார்கள். ஒரு இளம் பொறியியலாளர் சந்தோசமாக ஒரு டிஸ்கோ கசெற்றை எடுத்து நீட்டினார். அக்கா இரண்டு நிமிசம் கேட்டுவிட்டு நிறுத்தினார்.

"இது எல்லா ஊர்ப் பஸ்ஸிலயும் போடுற பாட்டு. இவர்ர அம்மா சட்டி கழுவேக்க என்ன பாடுவாவாம்? அது வேணும் எண்டு சொல்லு."

நான் சொன்னேன். அந்தப் பையன் சிவந்துபோய், அன்றிரவே வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து அம்மாவிடம் கேட்டான். மூன்று வாரத்தில் அவர்கள் ஊர்த் தாலாட்டுகள் அடங்கிய தட்டு ஒன்று தபாலில் வந்து சேர்ந்தது.

இப்படியே குசினி அலுமாரித் தட்டில் மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பக்கத்தில் உலகம் அடுக்குப்பட்டது. ஒரு மொழியும் அக்காவுக்குத் தெரியாது. ஆனால் அபிப்பிராயம் சொல்லாமல் எதையும் கேட்டதில்லை. மாலி நாட்டுக்காரர் ஒருவர் கொண்டுவந்த இசையில், பெரிய சுரைக் குடுவையில் நரம்பு கட்டி வாசிப்பார்கள் என்று அட்டைப் படத்தைக் காட்டினார். அக்கா படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "நல்ல முத்தின காய். கறிக்கு ஆகாது, இதுக்குத்தான் சரி" என்று தீர்ப்புச் சொன்னார். அன்டீஸ் மலைக் குழல்களுக்கு இறைச்சி வேகும், நோர்வேப் பிடிலின் முதல் மூன்று பாட்டு முடியச் சோறு இறக்கலாம். மொங்கோலியாவுக்குப் போய்வந்த ஒரு டொக்டர் தந்த கசெற்றில் ஒரே மனிதர் அடித்தொண்டையால் இரண்டு குரல் எழுப்பினார். அதைக் கேட்டு, "பாவம், இவருக்கு ஒரு கொத்தமல்லித் தண்ணி வச்சுக் குடுக்க ஆளில்லையா?" என்று உண்மையாகவே கவலைப்பட்டார்.

வாவியில் மீன் பாடுமாமே, அதைப் பதிவு செய்து தரமுடியுமா என்று ஒரு விருந்தினர் ஆசையாகக் கேட்டார். அக்கா கையில் கத்தியோடு இருந்தார். "மீன் பாடுமெண்டு நான் நினைச்சனெண்டா மறுகா எப்பிடித் தம்பி அத வெட்டுற? பாடாதெண்டு சொல்லு." நானும் அப்படியே சொல்லிவிட்டேன். மொழிபெயர்ப்பாளன் செய்த ஒரு சின்னத் துரோகம்.

போர்த்துக்கலிலிருந்து வந்த ஆசிரியை ஒருவர் சோகப் பாட்டுகள் அடங்கிய தட்டொன்று தந்தார். அக்கா அதை வெங்காயம் வெட்டும் நேரத்துக்கென்று ஒதுக்கினார், கண்ணீருக்குக் காரணம் கேட்கமாட்டார்கள் என்று. அதற்குப் பதிலாக எங்கள் நகரத்தில் தச்சுவேலை செய்யும் பறங்கியரின் கலியாண வீடு ஒன்றுக்குப் போய், அவர்களுடைய வயலினையும் ஆட்டப் பாட்டையும் பதிந்து கொண்டுவந்தார். ஆசிரியை குசினி வாசலில் நின்று கேட்டார். முதலில் தலையைச் சாய்த்தார். பிறகு அவருடைய உதடும் சேர்ந்து அசைந்தது. நானூறு வருசத்துக்கு முன்னர் தங்கள் ஆட்கள் விட்டுப்போன சொற்கள் இங்கே ஒரு தச்சரின் வாயில் கிடப்பதை அவர் எதிர்பார்க்கவில்லை. அழுதுகொண்டே சிரித்தார். அக்கா என் பக்கம் திரும்பி, "பாத்தியா, அவங்கட ஏனந்தான், நாங்க திருப்பிக் குடுக்கக் கொஞ்சம் சுணங்கிப்போச்சு" என்றார்.

இந்தக் குணத்தால் நான் மாட்டிக்கொண்ட நாளும் உண்டு. சித்தாண்டி முருகன் கோயில் திருவிழாவில் மேளமும் பெண்களின் பாட்டும் பதிவுசெய்ய வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். திரும்பும் வழியில் சோதனைச்சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். அக்காவின் பையில் பெட்டியும் ஏழெட்டுக் கசெற்றும். சமாதான காலம்தான், ஆனால் கசெற் என்றால் அப்போது பேச்சுகளும் பிரச்சாரமும் என்றுதான் ஆமிக்காரர்களுக்கு நினைப்பு. ஒரு இளம் சிப்பாய் ஒன்றை எடுத்துப் போடச் சொன்னான். அக்கா போட்டார். கைக்கு வந்தது மொங்கோலியாக் கசெற்.

சிப்பாய் பின்வாங்கினான். "மெசினா?" என்று தமிழில் கேட்டான்.

"மனுசன்" என்றார் அக்கா, தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி.

அவன் நம்பவில்லை. இன்னொருவனைக் கூப்பிட்டான். அவன் மற்றொருவனைக் கூப்பிட்டான். கடைசியில் ஐந்து துப்பாக்கிகள் சுற்றி நிற்க, நடுவில் அந்த மொங்கோலியர் அடித்தொண்டையால் முழங்கிக்கொண்டிருந்தார். ஒருவன் தானும் முயன்று பார்த்து இருமினான். எல்லோரும் சிரித்தார்கள், எனக்கும் உயிர் வந்தது. விசயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த முறை அந்த வழியால் போனபோது அந்த முதல் சிப்பாய் பஸ்ஸுக்குள் ஏறி, தன்னுடைய ஊர் வயல்காரர்கள் பாடிய சிங்களக் கசெற் ஒன்றை அக்காவிடம் நீட்டிவிட்டான்.

"அக்கா, விட்டிடுங்க. ஆமிக்காரனுக்குக் கசெற் குடுக்கிறத ஆரும் கண்டா என்ன நினைப்பாங்க?" என்று கெஞ்சினேன்.

"ஆமிக்காரனெண்டா வெறும் ஏனம் குடுக்கலாமா?"

கொடுத்தார். சித்தாண்டி மேளத்தைப் பிரதி எடுத்து, பகல் வெளிச்சத்தில், பஸ் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கக் கொடுத்தார். நான் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சில வாரம் கழித்து அதே பையன் மணல்மூட்டையில் விரல்களால் அந்த மேளத்தைத் தட்டிக்கொண்டு நின்றதைக் கண்டேன். தாளம் பிழைத்தது என்றாலும் ஆசையாகத் தட்டினான்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். இவ்வளவு பாட்டுச் சேர்த்த அக்காவுக்குப் பாட வராது. சும்மா அடக்கத்துக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே வராது. கோயில் பஜனையில் அவர் வாய் திறக்காமல் இருக்கவேண்டும் என்பதற்காகவே கற்பூரத் தட்டைப் பிடிக்கும் வேலையை நிரந்தரமாக அவருக்குக் கொடுத்திருந்தார்கள். அதை அவரே சொல்லிச் சிரிப்பார். "எனக்கு இருக்கிறது கேக்கிற தொண்டை" என்பார்.

கணவர் அதற்கு நேர்மாறு என்று ஊரில் பேச்சு. தோணியில் தனியாக இருக்கும்போது அருமையாகப் பாடுவாராம். ஆனால் யாராவது பக்கத்தில் வந்தால் வாய் மூடிவிடும். மனைவியின் முன்னால் ஒரு வரிகூடப் பாடியதில்லை.

அந்த வாயைத் திறந்தவர் ஒரு ஜோர்ஜியாக்காரர். கிணறு தோண்டும் பொறியியலாளர், பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். வந்த அன்று அக்காவின் இறால் கறியைச் சாப்பிட்டு மூன்று கிளாஸ் தண்ணீர் குடித்தார். பிறகு தட்டை நீட்டி இன்னும் கேட்டார். அக்காவின் கறியில் உப்பு ஒரு கை கூடத்தான் இருக்கும். விடுதியில் எல்லோருக்கும் தெரியும், சொல்லத்தான் ஒருவருக்கும் துணிவில்லை. அவர் கொடுத்த இசைத்தட்டில் ஆண்கள் விருந்து மேசையில் இருந்து மூன்று குரலில் பாடினார்கள். ஒருவர் தொடங்க மற்றவர் பதில் சொல்ல, மூன்றாமவர் அடியில் நின்று தாங்குவார். அக்காவுக்கு உலகத்துப் பாட்டுகளில் அதுதான் உயர்ந்தது. "குடுக்கிறதும் திருப்பிக் குடுக்கிறதும் ஒரே பாட்டுக்குள்ளயே நடக்குது" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜோர்ஜியாக்காரர் மீன்பிடிக்க ஆசைப்பட்டு அக்காவின் கணவருடைய தோணியில் போனார். மொழிபெயர்க்க நானும் ஏறினேன். என் தேவையே இருக்கவில்லை. நடு வாவியில் மீசைக்காரர் எழுந்து நின்று பாடத் தொடங்கினார். தோணி ஆட, நான் பலகையைப் பிடித்துக்கொண்டேன். பாட்டு முடிந்ததும் அக்காவின் கணவர் மெதுவாகக் கையில் இருந்த சவள் துடுப்பைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமினார். நெல்லுச் சூடடிக்கும் களத்தில் பாடும் பொலிப் பாட்டொன்றை எடுத்துவிட்டார். அப்படி ஒரு குரலை அந்த ஒல்லியான உடம்புக்குள் எங்கே வைத்திருந்தார் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

இதை நான் குசினியில் சொன்னபோது அக்கா அகப்பையைக் கீழே போட்டுவிட்டார்.

"இருவது வருசமா எனக்குப் பாடாத மனுசன் ஆரோ மீசைக்காரனுக்குப் பாடினாரா?"

கோபம் ஒரு நாள். அடுத்த நாள், அந்த மீசைக்காரருக்குத் திருப்பிக் கொடுக்கும் கசெற்றில் கணவர்தான் பாடவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். அவரும் ஒருபடியாக ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. பாடும்போது அக்கா அறைக்குள் நிற்கக்கூடாது. அக்கா பொத்தானை அமத்திவிட்டுக் குசினிக்குப் போய்விட வேண்டும். நாவலடி வீட்டில் அப்படியே நடந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் நின்று ஏதோ கொஞ்சம் கேட்டதாகச் சொன்னார். கசெற் முடிந்த கையோடு விடுதிக்கு ஓடி வந்தால், ஜோர்ஜியாக்காரரின் வாகனம் புறப்பட்டு நின்றது. பிரதி எடுக்க நேரமில்லை. அப்படியே கையில் கொடுத்துவிட்டார்.

"காரியமில்ல, இன்னொரு நாளைக்குப் பாடவைப்பம்" என்றார் என்னிடம்.

சுனாமி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நத்தாருக்குத் தங்கியிருந்த விருந்தினருக்குக் காலைச் சாப்பாடு கொடுக்க அக்கா விடுதிக்கு வந்திருந்தார். அதனால் தப்பினார். நாவலடியில் அவருடைய வீடு நின்ற இடத்தில் மணல்தான் இருந்தது. கணவரை மூன்றாம் நாள் கண்டெடுத்தார்கள். கும்மி பாடிய பெண்களில் பலர் போய்விட்டார்கள். அக்கா தன் பதிவுகளின் பிரதிகளை ஒரு தகரப் பெட்டியில் போட்டு வீட்டில்தான் வைத்திருந்தார், அதையும் கடல் கொண்டுபோனது. விடுதிக் குசினியில் இருந்த மாலியும் நோர்வேயும் மொங்கோலியாவும் ஒரு கீறல் இல்லாமல் இருந்தன. அதைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது.

முப்பத்தோராம் நாள் சடங்கு கழிந்த மறுநாள் அக்கா வேலைக்கு வந்தார். அடுப்பை மூட்டினார். விருந்தினர் புத்தகத்தை என் முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

"தம்பி, கடிதம் எழுதோணும். நாம குடுத்ததெல்லாத்தையும் ஒருக்காத் திருப்பிக் கேக்கோணும்."

ஆளுக்கொரு மின்னஞ்சல் அனுப்பினேன். தொலைத்தவர்களும் உண்டு, ஆனால் பலர் பிரதி எடுத்து அனுப்பினார்கள். நோர்வேத் தாதியின் கும்மிக் கசெற்றுத்தான் முதலில் வந்தது. அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு முகாம் முகாமாகப் போனார். கூடாரத்துக்குள் உட்கார்ந்து, செத்துப்போன பெண்ணின் குரலை அவள் தாய்க்கு, பிள்ளைக்கு, புருசனுக்குப் போட்டுக் காட்டினார். நானும் கூடப் போனேன், பாதியில் வெளியே வந்து நிற்பேன். அழுதவர்கள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். வெறுங்கையோடு அவரை அனுப்பவில்லை, முகாமில் கிடைத்த பிஸ்கற் பக்கற்றாவது கொடுத்துவிட்டார்கள். அதை அவர் வாங்கினார், வேண்டாம் என்று சொல்லவில்லை.

எல்லோருக்கும் வந்தது. அக்காவுக்கு வரவேண்டியது மட்டும் வரவில்லை. ஜோர்ஜியாக்காரருக்கு மின்னஞ்சல் இல்லை. அவரை அனுப்பிய கம்பனி மூடப்பட்டுவிட்டதாம். விருந்தினர் புத்தகத்தில் பெயரையும் நாட்டையும் ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, முகவரி, கருத்து என்ற இரண்டு கட்டங்களையும் தன் சொந்த எழுத்தில் நிரப்பியிருந்தார். எங்கள் எழுத்தைப் போலவே சுழியும் கொக்கியுமான எழுத்து. அக்கா அதைப் பார்த்து, "நம்மட சொந்தக்காரங்கதான்" என்றார். எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. முகவரிக் கட்டத்தில் இருந்ததைப் பார்த்து உறையில் கோலம் போடுவதுபோல வரைந்தேன். அக்கா தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார். "அந்தச் சுழி சரியில்ல. அழிச்சிட்டுக் கீறு."

ஐந்து மாதத்தில் கடிதம் திரும்பி வந்தது. முகவரிக்குப் பக்கத்தில் யாரோ பென்சிலால் ஒரு சிரிக்கும் முகம் வரைந்திருந்தார்கள். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இன்னும் கவனமாக, சுழி பிசகாமல் வரைந்து இரண்டாம் தரம் அனுப்பினேன். அதுவும் திரும்பி வந்தது, இந்தத் தரம் இரண்டு சிரிக்கும் முகங்களோடு.

அதற்குள் சண்டை மறுபடி தொடங்கிவிட்டது. ஷெல் சத்தத்தில் யன்னல் அதிரும். விருந்தினர் வரத்து குறைந்தது. அக்கா அகதிகளாக வந்தவர்களுக்குக் பெரிய கிடாரத்தில் சோறு வடித்தார். ஒரு நாள் மத்தியானம் கரிக் கையோடு வந்து நின்று, "தம்பி, மற்றக் கட்டத்தில உள்ளதையும் சேத்துக் கீறினா என்ன? குறைஞ்சதால திரும்பி வந்திரிக்கும்" என்றார். சரி, கேட்டுவிட்டுப் போகட்டும் என்று இரண்டு கட்டத்தையும் வரைந்து மூன்றாம் தரம் அனுப்பினேன். அது திரும்பி வரவில்லை. பதிலும் வரவில்லை. வருசம் ஒன்று போனது, இன்னொன்றும் போனது. ஒவ்வொரு நாளும் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டதும் அக்கா குசினி யன்னலால் எட்டிப் பார்ப்பார், பிறகு தேங்காய் துருவப் போய்விடுவார். எனக்கு அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

யுத்தம் முடிந்தது. நிறுவனங்கள் ஒவ்வொன்றாக மூட்டை கட்டின. எங்கள் விடுதியையும் மாத முடிவில் மூடுவதாகச் சொல்லிவிட்டார்கள். நானும் அக்காவும் பாத்திரங்களைக் கடதாசியில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு காலையில் அந்தப் பொதி வந்தது. சுழியும் கொக்கியுமான எழுத்து.

உள்ளே ஒரு சீடி, ஆங்கிலத்தில் ஒரு கடிதம். நான் வாசித்து வாசித்துச் சொன்னேன். அவர்களுடைய ஊரிலும் சண்டை வந்து, குடும்பத்தோடு வேறு பட்டணத்துக்கு ஓடினார்களாம். வீடு போய்விட்டது. கசெற் காரில் கிடந்ததால் தப்பியதாம். கடிதத்தை அயல்வீட்டுக்காரர் எடுத்து வைத்திருந்து பிறகு சேர்த்தாராம்.

"அங்கயும் சண்டையா?" என்று கேட்டார் அக்கா. "மறுகா வாசி."

வாசித்தேன், சிரிப்பை அடக்க முடியவில்லை. புத்தகத்தில் அவர் கட்டத்தை மாற்றி எழுதியிருக்கிறார். முகவரியைக் கருத்துக் கட்டத்திலும், கருத்தை முகவரிக் கட்டத்திலும். நாங்கள் இரண்டு தரம் சுழி பிசகாமல் வரைந்து அனுப்பிய முகவரி, 'இறால் கறியில் உப்பு மிக அதிகம், ஆனாலும் இன்னும் வேண்டும்.' அவர்கள் நாட்டுத் தபால்கந்தோரில் அதை வாசித்துவிட்டுத்தான் சிரிக்கும் முகம் வரைந்திருக்கிறார்கள்.

"ஒரு நாடே பாத்திரிக்கு என்ட உப்ப!" அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "மறுகா அத ஏன் நீ கொட்டை கொட்டையாக் கீறின?"

சீடியைப் போட்டோம். முதலில் அக்காவின் குரலே வந்தது, "அமத்திட்டன். பாடுங்க." பிறகு அவருடைய கணவர். "கதவச் சாத்திட்டுப் போ." பொலிப் பாட்டு ஒன்று, தோணிப் பாட்டு ஒன்று. அக்கா கையில் இருந்த கிளாசைக் கீழே வைக்காமல் நின்றபடியே கேட்டார். இரண்டாவது பாட்டு முடிந்து சிறிது நேரம் ஒன்றும் இல்லை. நான் முடிந்துவிட்டதென்று கையை நீட்டினேன். அப்போது அவர் மெல்லச் சிரிக்கும் சத்தம் கேட்டது. குரலைத் தாழ்த்தி, சுவருக்கு அந்தப் பக்கம் கேட்காதபடி, பாடினார்:

"கடலுப்ப அள்ளிக் கறியில போட்டவளே
கடலுக்குக் காணாதாம், கத்துதடி கரையில
சட்டி கழுவின தண்ணியத் திருப்பிக் குடு
சத்தமில்லாமக் கடல் நித்திர கொள்ளட்டும்."

பதிவுக்குள் தூரத்திலிருந்து அக்காவின் குரல், "மூண்டாவதா என்னவோ கேட்டிச்சே?"

"அது சும்மா. வா, சோத்தப் போடு."

அக்கா சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். எப்போது அழுகையாக மாறியது என்று நான் கவனிக்கவில்லை, நானும் அந்த நிலையில்தான் இருந்தேன். இருபது வருசமாகப் பாடாத மனிதர் அவருக்கென்று ஒரு பாட்டுக் கட்டியிருக்கிறார், அதை அவர் கேட்க இத்தனை வருசமும் இரண்டு நாட்டு யுத்தமும் தாண்ட வேண்டியிருந்திருக்கிறது.

சீடி முடியவில்லை. அடுத்ததாக மேசையில் கோப்பைகள் வைக்கும் ஓசை. மீசைக்காரர் தொடங்கினார். "கடலுப்ப அள்ளி..." ஒரு பெண்குரலும் ஒரு இளம் ஆண்குரலும் சேர்ந்துகொள்ள, அதே பாட்டு மூன்று குரலில் எழுந்தது. தமிழ் உடைந்து நொறுங்கியிருந்தது, மெட்டு ஒரு மயிரளவும் பிசகவில்லை. கடிதத்தின் கடைசி வரியை அப்போதுதான் வாசித்தேன். காரில் கேட்டுக் கேட்டு அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் அது பாடமாம். விருந்து நாட்களில் பாடுகிறார்களாம். அர்த்தம் என்ன என்று தெரிந்தால் நல்லது என்று கேட்டிருந்தார்.

"எழுதிப்போடாத தம்பி, வெக்கம்" என்றார் அக்கா. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, எழுது. உப்பெண்டு தெரிஞ்சவங்கதானே" என்றார்.

இரண்டு முறை போட்டுக் கேட்டார். மூன்றாம் முறை போடவில்லை. ஒரு புதுக் கசெற்றைத் தேடி எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார். எனக்கு விளங்கிவிட்டது.

"அக்கா, ஆரப் பாடவைக்கப்போறீங்க?"

"ஆரு இரிக்கா? அமத்து."

அமத்தினேன். அக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கணவரின் மெட்டிலேயே, என்று அவர் நினைத்துக்கொண்ட ஒன்றில், பாடினார்:

"உப்புக் கூடிப்போச்செண்டு ஊரெல்லாம் சொன்னவரே
ஒருநாளும் சட்டியில மிச்சம் வச்சீரோ?"

அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. அந்த இரண்டு வரியையே மூன்று தரம் பாடினார், மூன்று விதமாக. அடுப்படிப் பூனை எழுந்து வெளியே போனது. நான் பொத்தானை நிறுத்தினேன்.

"இன்னொருக்காப் பாடுவமா அக்கா? சுருதி கொஞ்சம்..."

"சுருதிய அவங்க பாத்துக்கொள்ளுவாங்க. மூண்டு பேர் இரிக்கிறாங்கதானே. நீ பொதியக் கட்டு."

விடுதி மூடிய பிறகு அக்கா பனிச்சங்கேணியில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார். அந்தப் பக்கம் பஸ்ஸில் வருபவர்கள் யாராவது எங்கள் சாப்பாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து தந்துகொண்டிருந்தார்கள், பிறகு அதுவும் குறைந்தது. கடைசியாக வந்த பெட்டி இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. முறை எங்களுடையது. அடுத்த மாதம் எப்படியும் போகவேண்டும் என்று என் மனைவி சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பொதி கட்டிய அன்றைக்கு, அக்கா பக்கத்தில் நிற்க, அதன் மேல் அந்தச் சுழியெழுத்தை வரைந்தேன். மீசைக்காரர் தன் பொதியில் எழுதியிருந்த புது முகவரியை மட்டும் வரைந்துவிட்டுப் பேனையை மூடினேன். அக்கா பேனையைத் திறந்து என் கையில் திரும்பத் தந்தார்.

"மற்றதையும் கீறு தம்பி. ரெண்டையும் போட்டாத்தான் போய்ச் சேரும்."

கீறினேன். இறால் கறியில் உப்பு மிக அதிகம், ஆனாலும் இன்னும் வேண்டும்.